காப்காம் ஆர்கேடுக்குச் செய்தது நன்மையா, தீமையா?

"காப்காமை இன்னும் தலையில் தூக்கி வைத்து ஆடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆர்கேட், அதாவது கடையில் காசு போட்டு ஆடும் வீடியோ கேம் இயந்திரங்களுக்காக அந்த ஜப்பானிய நிறுவனம் செய்த பழைய சிபிஎஸ்-2 போர்டு (ஆட்டத்தை ஓட்டும் மின்சுற்றுப் பலகை) ஒன்றை வாங்கும் யோசனையில் இருப்பீர்கள் என்று ஊகித்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு காப்காம் மேல் வெறுப்பு கிடையாது. 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு ஈடாக ஒரு ஆர்கேட் ஆட்டத்தை இன்னும் நான் பார்க்கவில்லை. ஆறு பொத்தான், ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சண்டை முறை, அடிமேல் அடியாகக் கோக்கும் காம்போ. அந்தக் காம்போ திட்டமிட்டு வைத்ததே அல்ல. தானாக அமைந்ததை நீக்காமல் விட்டார்கள். அந்த ரசனைக்காகவே அவர்களைக் கும்பிடலாம். அதே ஆட்டத்தை 1994 வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி ஐந்து பதிப்புகளாக விற்றதைக்கூட நான் பெரிய குற்றமாக நினைக்கவில்லை.

என்னால் மன்னிக்க முடியாதது பேட்டரி விவகாரம்தான். அதற்கு முந்தைய போர்டான சிபிஎஸ்-1-ன் ஆட்டங்களுக்குக் கள்ள நகல்கள் பெருகியதால் 1993-ல் வந்த சிபிஎஸ்-2-ல் நிரலைப் பூட்டினார்கள். திறக்கும் சாவி பேட்டரியின் தயவில் நிற்கும் நினைவகத்தில் இருந்தது. பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும், போர்டு செத்துவிடும். கள்ள நகல் எடுத்தவனைத் தடுக்கச் செய்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடி விழுந்தது காசு கொடுத்து வாங்கியவனுக்கு. "அப்போது எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், போட்டி நிறுவனமான சேகாவும் செய்தது" என்று யாராவது கிளம்புவீர்கள். செய்தது உண்மைதான். அதனால் இது சரியாகிவிடாது.

நான் வாங்கிய போர்டை விற்றவர் "பேட்டரி புதுசு" என்று அடித்துச் சொன்னார். போட்டவுடன் திரை முழுக்க ஒரே நிறம். திறந்து பார்த்தால் பழைய பேட்டரி கசிந்து, பக்கத்துச் செம்புத் தடங்களை அரித்திருந்தது. சுத்தம் செய்து, அறுந்த தடங்களுக்கு மெல்லிய கம்பி ஓட்டி, புது பேட்டரி வைத்தேன். அப்புறம் சாவியை மறுபடி ஏற்றினேன். அந்த முறையை 2016-ல் வெளியிட்டவர்கள் தனி ஆர்வலர்கள். அதற்கு முன்பே, 2007-ல், பூட்டின் கணக்கு முழுவதையும் அவிழ்த்தவர்களும் அப்படிப்பட்டவர்கள்தான். இந்த ஆட்டங்கள் அசல் போர்டில் இன்றும் ஓடுகின்றன என்றால் அந்தப் பெருமை அவர்களைச் சேர வேண்டும்.

இன்னொன்று. அந்தக் கால காப்காம் ஆட்டங்களின் இறுதியில் உழைத்தவர்களின் முழுப் பெயர் வராது, புனைபெயர்தான் வரும். பாத்திரங்களை வரைந்த அகிரா யாசுதா அகிமான் ஆனார், இசையமைத்த யோகோ ஷிமோமுரா ஷிமோ-பி ஆனார். நல்ல ஆட்களைப் போட்டி நிறுவனங்கள் இழுத்துவிடும் என்ற பயம்தான் காரணம் என்பார்கள். எனக்கு இது ஏன் உறுத்துகிறது என்றால், நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் பழுது நீக்கும் கையேடு முழுவதையும் நான்தான் எழுதினேன். அட்டையில் மேலாளர் பெயர் மட்டும் இருந்தது. கேட்டதற்கு "குழுவின் உழைப்பு" என்றார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் பி போர்டை (ஆட்டமும் பேட்டரியும் இருக்கும் பலகை) திறந்து பேட்டரியையும் சுற்றியுள்ள தடங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.