ஜெர்மனியின் .டிஇ டொமைன்களை (.de என்று முடியும் இணையதளப் பெயர்களை) ஒரு கூட்டுறவுச் சங்கமா நடத்துகிறது? அப்படியானால் வாங்குபவருக்கு யார் பொறுப்பு?

ஆமாம், கூட்டுறவுச் சங்கம்தான். பெயர் டெனிக், இருப்பது ஃபிராங்க்ஃபர்ட்டில். அரசுக்கு அதில் பங்கு கிடையாது. டொமைன் விற்கும் நிறுவனங்கள்தான் உறுப்பினர்கள். விற்பவர்களே சங்கத்தையும் கையில் வைத்திருந்தால் வாங்கியவன் கதி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஜெர்மனியில் ஒரு சின்ன வெப் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், வாடிக்கையாளர்களின் டொமைன்களைப் பார்த்துக்கொள்வதும் என் தலையில்தான். அதனால் வெளியிலிருந்து எப்படித் தெரிகிறதோ அப்படிச் சொல்கிறேன்.

கூட்டுறவு என்றதும் நமக்குப் பால் சங்கமும் கடன் சங்கமும்தான் ஞாபகம் வரும். அந்தக் கடன் சங்க யோசனையே ரைஃபைசன் என்ற ஜெர்மன்காரர் வழியாக நம் பக்கம் வந்ததுதான். ஜெர்மனியில் அதற்கு 1889-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். யார் எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்பது அதன் அடிப்படை விதி. சங்கம் எதுவானாலும் ஒரு தணிக்கை அமைப்பில் சேர்ந்தே ஆக வேண்டும், கணக்கை அவர்கள் வந்து பார்ப்பார்கள். திராட்சை விவசாயிகளின் சங்கத்துக்கு உள்ள அதே சட்டம்தான் டெனிக்குக்கும்.

.டிஇ பிறந்தது 1986 நவம்பர் 5. 1988-இல் டோர்ட்மண்ட் பல்கலைக்கழகத்துக் கணினித் துறை அதைப் பார்த்துக்கொண்டபோது பட்டியலில் இருந்தவை வெறும் 6 பெயர்கள். 1994-இல் பொறுப்பு கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகத்துக்குப் போனது. அதற்குள் இணைய இணைப்பு விற்கும் கம்பெனிகள் பெருகிவிட்டன. ஒன்றுக்கொன்று போட்டி. இந்தப் பட்டியல் தங்களில் ஒருவன் கையில் மட்டும் சிக்கிவிடக் கூடாது என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 1996 டிசம்பர் 17-இல் 37 நிறுவனங்கள் சேர்ந்து சங்கத்தைத் தொடங்கின. இன்று உறுப்பினர்கள் சுமார் 300 பேர், வெளிநாட்டு நிறுவனங்களும் உண்டு. பெயர்கள் 1.7 கோடியைத் தாண்டிவிட்டன.

காசு விஷயம் எளிது. உறுப்பினர் தன்னிடம் உள்ள ஒவ்வொரு டொமைனுக்கும் சங்கத்துக்குக் கட்டணம் கட்டுகிறார். செலவுக்கு ஈடாக வந்தால் போதும், லாபம் நோக்கமில்லை. அதற்கு மேல் உங்களிடம் என்ன விலை வாங்குவது என்பது அவர் பாடு. இதனால்தான் .டிஇ பெயர்கள் பொதுவாக மலிவு. சங்கக் கட்டணத்தை ஏற்றினால் கட்டப்போவது ஏற்றியவர்களேதான், அப்புறம் யார் ஏற்றுவார்கள்?

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு ஹோஸ்டிங் கம்பெனியிடம் (இணையதளத்தைத் தன் சர்வரில் வைத்து நடத்தித் தரும் கம்பெனி) .டிஇ பெயர் வாங்குகிறீர்கள். பில் அவர்கள் கொடுப்பதுதான். ஆனால் டொமைன் ஒப்பந்தம் உங்களுக்கும் டெனிக்குக்கும் இடையில் நேரடியாக ஏற்படுகிறது. இடையில் உள்ள கம்பெனி உங்கள் சார்பில் மனுவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆள், அவ்வளவே. பலருக்கு இது கடைசிவரை தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் பெரும்பாலும் வராது.

அவசியம் வந்த ஒரு தடவை சொல்கிறேன். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், சைக்கிள் கடைக்காரர். அவருடைய பழைய ஹோஸ்டிங் கம்பெனி போன் எடுப்பதை நிறுத்திவிட்டது, மெயிலுக்கும் பதில் இல்லை. வேறு இடத்துக்கு மாற வேண்டுமானால் பழைய கம்பெனி ஒரு கடவுச்சொல் தர வேண்டும். அதைத் தர ஆளே இல்லை. கடை போர்டு, ரசீது, வண்டி எல்லாவற்றிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது, மனுஷன் தூங்கவே இல்லை. கொஞ்ச நாளில் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து தபாலில் ஒரு கடிதம் வந்தது. உங்கள் டொமைனை இதுவரை பார்த்தவர்கள் இனி பார்ப்பதில்லை, இந்த எண்ணைப் போட்டு எங்கள் தளத்தில் நுழைந்து என்ன செய்வது என்று முடிவு செய்யுங்கள் என்று. இப்படிப் பார்க்க ஆளில்லாத டொமைன் டெனிக்கின் கைக்கே வரும் நிலைக்கு டிரான்சிட் என்று பெயர். புது கம்பெனிக்கு மாற்றலாம், டெனிக்கிடமே நேராக வைத்துக்கொள்ளலாம் (விலை நன்றாகவே அதிகம்), அல்லது அழித்துவிடலாம். சும்மா இருந்தால் சில வாரத்தில் பெயர் போய்விடும். அவர் கடிதத்தை எங்களிடம் கொண்டுவந்தார், அன்றே மாற்றிவிட்டோம்.

பழைய கம்பெனி உயிரோடு இருந்துகொண்டே கடவுச்சொல் தராமல் இழுத்தடித்தால் அதற்கும் வழி உண்டு. புது கம்பெனி மூலம் டெனிக்கிடம் கேட்டால், கடவுச்சொல்லை நேராக உரிமையாளரின் முகவரிக்கே தபாலில் அனுப்பிவிடுவார்கள். சொந்த உறுப்பினரைத் தாண்டிக்கொண்டு சங்கம் உங்களிடம் வருகிறது பாருங்கள், அதற்கு அந்த நேரடி ஒப்பந்தம்தான் காரணம்.

யாருக்கு எந்தப் பெயர் என்பதில் டெனிக் மூக்கை நுழைக்காது. முதலில் வந்தவருக்கு முதலில். வர்த்தக முத்திரை யாருடையது என்று பார்ப்பதில்லை. 2001-இல் ஆம்பியன்டே.டிஇ வழக்கில் ஜெர்மன் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது: பதியும்போது உரிமையைச் சோதிப்பது டெனிக்கின் வேலை இல்லை, மீறல் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தால் மட்டுமே பொறுப்பு. சண்டை என்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அதுவரை பெயரை வேறு யாருக்கும் கைமாற்றிவிடாமல் இருக்க, உரிமை கோருபவர் ஒரு தடைக்குறிப்பு போட்டு வைக்கலாம். ஒரு வருடம் செல்லும், நீட்டிக்கலாம். தற்போதைய உரிமையாளர் பெயரை விட்டுக்கொடுத்தால் குறிப்பு போட்டவருக்கே அது தானாக வந்துவிடும். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது.

சங்கம் எப்போதும் நல்ல பிள்ளை என்று சொல்ல மாட்டேன். இரண்டெழுத்துப் பெயர்களை அது வெகுகாலம் தராமல் வைத்திருந்தது. ஃபோக்ஸ்வாகனுக்கு விடபிள்யூ.டிஇ (vw.de) வேண்டும், பிஎம்டபிள்யூவுக்கு மூன்றெழுத்து என்பதால் பிரச்சினையே இல்லை. வழக்கு போனது. 2008-இல் ஃபிராங்க்ஃபர்ட் மேல்நீதிமன்றம், சந்தையில் இத்தனை ஆதிக்கம் உள்ளவர் இப்படிப் பாகுபாடு காட்ட முடியாது என்று போட்டிச் சட்டத்தின்படி தீர்ப்பளித்தது. 2009 அக்டோபர் 23 முதல் ஓரெழுத்து, ஈரெழுத்து, வெறும் எண் எல்லாம் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். விதி மாறுவதற்கு வெளியிலிருந்து ஒரு பெரிய கை தள்ள வேண்டியிருந்தது.

தொழில்நுட்பத்தில் கறாரானவர்கள். புதுப் பெயர் கேட்டால், அதற்கான நேம்சர்வர்கள் (அந்தப் பெயர் எந்தக் கணினியில் இருக்கிறது என்று சொல்லும் சர்வர்கள்) சரியாகப் பதில் சொல்கின்றனவா என்று சோதித்த பிறகுதான் பதிவு. அவசரத்தில் இது எரிச்சலூட்டும், நானும் திட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவர்களுக்கும் 2010 மே 12 அன்று பெரிய அடி விழுந்தது. பெயர்ப் பட்டியல் கோப்பு பாதியில் நறுக்கப்பட்டு, அரைகுறையாகவே பல சர்வர்களுக்குப் போய்விட்டது. விடுபட்ட பெயர்களைக் கேட்டால் "அப்படி ஒரு பெயரே கிடையாது" என்று பதில். சர்வர் மௌனமாக இருந்திருந்தால்கூட மெயில்கள் வரிசையில் காத்திருந்து பிறகு போய்ச் சேரும். பெயரே இல்லை என்றதால் அனுப்பியவருக்கே அவை உடனே திரும்பிப் போயின. சில மணி நேரத்தில் சரி செய்தார்கள்.

குறை என்று சொன்னால் ஓட்டுதான். பெயர் வைத்திருக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு டெனிக்குடன் ஒப்பந்தம் உண்டு, பொதுக்கூட்டத்தில் ஓட்டு கிடையாது. அது உறுப்பினர் நிறுவனங்களுக்குத்தான். எங்களைப் போல ஓர் உறுப்பினர் வழியாக வாங்கி விற்கும் சிறு நிறுவனங்களுக்கும் இல்லை. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் விடாமல் கண்காணிப்பதால் இதுவரை பெரிய வம்பு வந்ததில்லை என்பது என் கணிப்பு.

நீங்கள் .டிஇ பெயர் வைத்திருந்தால் ஒன்று செய்யுங்கள். உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா, சைட் செய்துகொடுத்தவர் தன் பெயரைப் போட்டுவிட்டாரா என்று உங்கள் கம்பெனியிடம் கேட்டுப் பாருங்கள். தரவுப் பாதுகாப்பு விதிகள் வந்த 2018 மே மாதம் இந்த விவரத்தைப் பொதுவில் காட்டுவதை நிறுத்திவிட்டார்கள். வீடு மாறியிருந்தால் முகவரியையும் மாற்றச் சொல்லுங்கள், அந்தக் கடிதம் அங்கேதான் வரும்.