திகதி சொல்லும் குரல்பதிவு

கேள்வி: மார்கழி நெருங்கினாலே "இந்தத் திகதியில் கடல் வரப்போகுது" என்று வட்ஸ்அப்பில் குரல்பதிவு வந்துவிடுகிறது. அதைக் கேட்டதும் என் மாமி நகை, காணி உறுதி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வாவிக்கு அப்பால் படுவான்கரையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவா. மறித்தால், "2004இல எந்த விஞ்ஞானி வந்து சொன்னவன்?" என்று கேட்கிறா. என்ன பதில் சொல்வது?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: மாமி கேட்பது நியாயமான கேள்வி. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டுப் போவதால்தான் குரல்பதிவுக்காரரின் காட்டில் மழை.

2004 டிசம்பர் 26 காலை, அப்போதைய நம் நேரப்படி ஏழு மணியாக ஓரிரு நிமிடம் இருக்கையில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தது. கால் மணி நேரத்தில் ஹவாயில் இருக்கும் பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் அறிக்கை விட்டது. அதிர்வின் வலுவைக் குறைவாகவே கணித்திருந்தார்கள். பசுபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்றார்கள். இந்து சமுத்திரக் கரைகளுக்குச் சொல்ல அன்றைக்கு ஓர் ஏற்பாடே இருக்கவில்லை. நம் கிழக்குக் கரையில் நாவலடிக்கும் கல்லாற்றுக்கும் மருதமுனைக்கும் அலை வந்து சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. களுவாஞ்சிக்குடிக் கடற்கரையில் இருந்து வாவியைக் கடக்கும் பட்டிருப்புப் பாலத்துக்கு வயதானவர்கூட நடந்து போய்ச் சேரக்கூடிய நேரம் அது. மாமியின் கோபம் அந்த நேரத்தை வீணடித்தவர்கள் மேல் திரும்பட்டும், நானும் சேர்ந்து கோபப்படுகிறேன்.

ஆனால் அந்தக் கோபத்தைக் காட்டித் திகதி சொல்பவரை நம்பச் சொல்வது வேறு கதை. பெரிய நிலநடுக்கம் ஒன்று இந்த நாளில், இந்த இடத்தில், இந்த அளவில் வரும் என்று முன்கூட்டிச் சரியாகச் சொன்னவர் உலகத்தில் இதுவரை ஒருவரும் இல்லை. நிலம் அதிர்ந்துவிட்டால் நிலைமை மாறும். அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழம் தெரிந்திருப்பதால் எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

சிலர் பஞ்சாங்கத்தைக் காட்டுவார்கள். கிரகணம் நிமிடக் கணக்கில் சரியாக வருகிறதே என்பார்கள். வரும்தான், சூரியனும் சந்திரனும் கணக்குக்குள் அடங்கிய பாதையில் போகிறவை. அதே புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் "கீழைக் கடல் கொந்தளிக்கும்" என்று எழுதியிருந்தால் அதற்கு அந்தக் கணக்கின் துணை கிடையாது. 2004இல் சுனாமி வந்தது பூரணை நாளில் என்பதும் இப்படித்தான். பூரணை மாதாமாதம் வருகிறது, நாம் மாதாமாதம் ஓடவில்லை.

இன்னொன்றையும் மாமியிடம் சொல்லுங்கள். 2012 ஏப்ரல் 11 பிற்பகல் அதே சுமாத்திராப் பக்கம் 8.6 அளவில் அதிர்ந்தது. எச்சரிக்கை வந்தது, கரையோரச் சனம் உள்ளே போனது, பெரிய அலை வரவில்லை. நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் கடல் நீர் மேலே தள்ளப்படவில்லை. "பொய்யாப் போச்சு" என்று அன்றைக்குப் பலர் திட்டினார்கள். அது பொய் இல்லை. வரலாம் என்றார்கள், ஏன் என்றார்கள், வராது என்று தெரிந்ததும் அதையும் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். திகதி சொன்னவர் திகதி கழிந்த மறுநாள் உங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னதுண்டா? அன்றைக்குத் தோணி தள்ளாமல் இருந்தவரின் நாள் உழைப்புக்கு யார் பொறுப்பு?

இதில் நான் கடுமையாக இருப்பதற்குக் காரணம் நம் கரைதான். சுமாத்திரா ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. அதிர்வு நம் காலுக்குத் தெரியாமலே போகலாம். கடல் உள்வாங்கினால் ஓடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம், நல்லது, ஆனால் அது போதாது. 2004இல் தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் வற்றியது. அதிர்ந்த இடத்துக்கு மேற்கே, நம் பக்கம் வந்த முதல் அலையோ வற்றாமலே உயர்ந்து வந்தது. கடல் அடையாளம் காட்டாத இடத்தில் நமக்கு இருப்பது எங்கோ ஒருவர் கணித்து, இன்னொருவர் அறிவித்து, வானொலியும் கரையோர எச்சரிக்கைக் கோபுர ஒலியும் கொண்டுவந்து தரும் சொல் மட்டும்தான். ஆண்டுதோறும் பொய்த் திகதி கேட்டுக் கேட்டு அலுத்துப்போன காது, அந்தச் சொல் வருகிற அன்றைக்கும் அசட்டையாக இருந்துவிடும். இதுதான் என் பயம்.

மாமியை மறிக்க வேண்டாம், கேலியும் வேண்டாம். அவ பார்த்ததை எல்லாம் பார்த்தவருக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். உறுதியையும் அடையாள அட்டையையும் ஒரே பையில் வைத்திருப்பது நல்ல பழக்கம், அதை ஆண்டு முழுவதும் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் பின்னேரம் வீட்டாரோடு பாலம் வரை நடந்துபோய் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்து வையுங்கள். அந்தக் குரல்பதிவை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.