எதுக்குள்ள விரியுது?

கேள்வி: பிரபஞ்சம் விரிஞ்சுக்கிட்டே இருக்குங்கறாங்க. எதுக்குள்ள விரியுது? எங்க வீடும் கூடவே விரியணுமே, ஏன் இன்னும் அதே ரெண்டு ரூம்?
- ஒரு வாசகி, விருத்தாசலம்

ரூம் விஷயத்துல பிரபஞ்சத்தை நம்பாதீங்க மேடம், கொத்தனாரைத்தான் கூப்பிடணும். பாவாடைக்குப் போடற எலாஸ்டிக் ஒரு முழம் எடுத்து, இன்ச்சுக்கு ஒரு புள்ளியா பேனாவால வச்சு, ரெண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்துப் பாருங்க. பக்கத்துப் புள்ளி ஒரு இன்ச்தான் தள்ளிப் போயிருக்கும், அஞ்சாவது புள்ளி அஞ்சு இன்ச் போயிருக்கும், இத்தனைக்கும் எந்தப் புள்ளியும் எலாஸ்டிக்கை விட்டு நகரவே இல்ல. எந்தப் புள்ளியில இருந்து பார்த்தாலும் 'எல்லாரும் என்னை விட்டு ஓடறாங்க'ன்னுதான் தோணும். 1929ல எட்வின் ஹபிள்ங்கற வானியலாளர் கேலக்ஸிகள்ல (கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டம்) கண்டது இதைத்தான். இன்னைய கணக்குல 32.6 லட்சம் ஒளி ஆண்டு (ஒளி ஒரு வருஷத்துல போற தூரம்தான் ஒரு ஒளி ஆண்டு) தள்ளி இருக்கற கேலக்ஸி செகண்டுக்கு சுமார் 70 கிலோமீட்டர் வேகத்துல விலகுது, அந்த 70 வந்து 67ஆ 73ஆன்னு விஞ்ஞானிகளுக்குள்ள இன்னும் சண்டை ஓடுது. விரியறது இடமேதான், அதனால அதுக்கு வெளியில இன்னொரு காலி இடம் இருந்தாகணும்னு கணக்கு கேட்கறதில்ல. எனக்கும் இது மனசுல ஒட்ட ரொம்ப நாளாச்சு.

உங்க வீட்டு செங்கல்லை அணுக்களோட பிடிப்பு விடாது, கேலக்ஸியை ஈர்ப்பு விசை விடாது. பக்கத்துல இருக்கற ஆண்ட்ரோமெடா கேலக்ஸி விலகறதுக்குப் பதிலா செகண்டுக்கு 110 கிலோமீட்டர் வேகத்துல நம்ம பக்கம்தான் வந்துட்டிருக்கு.

கேள்வி: சரி, கடைசியில என்னதான் ஆகும்? வெடிக்குமா, சுருங்குமா?
- கல்லூரி மாணவர், தேனி

1998 வரைக்கும் எல்லாரும் நினைச்சது, மேல எறிஞ்ச கல்லு மாதிரி வேகம் குறைஞ்சுக்கிட்டே வரும், எவ்வளவு குறையுதுன்னு அளந்தா போதும்னு. ரெண்டு குழு தனித்தனியா சூப்பர்நோவாக்களை, அதாவது வெடிக்கற நட்சத்திரங்களை வச்சு அளந்தாங்க. ஒரு வெள்ளைக் குள்ள நட்சத்திரம் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப் போனது) ஜோடி நட்சத்திரத்துக்கிட்ட இருந்து பொருளை உறிஞ்சி உறிஞ்சி சூரியனைப் போல 1.4 மடங்கு எடையை நெருங்கினதும் வெடிக்கும், கிட்டத்தட்ட ஒரே பிரகாசம், அதனால மங்கலா தெரிஞ்சா தூரம் அதிகம்னு அர்த்தம். அந்த 1.4 நம்ம விஞ்ஞானி எஸ். சந்திரசேகர் போட்ட எல்லை, சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிச்சு முடிச்சு 1930ல இங்கிலாந்துக்குக் கப்பல்ல போறப்போ 19 வயசுல ஆரம்பிச்ச கணக்கு. பார்த்தா சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததை விட மங்கலா இருந்துச்சு, நினைச்சதை விடத் தூரத்துல இருக்கு, அதாவது விரிவு குறையல, வேகம் எடுக்குது! தள்ளறது எதுன்னு தெரியாததால டார்க் எனர்ஜின்னு பேர் வச்சுட்டாங்க (பேர் வச்சா புரிஞ்ச மாதிரி ஒரு நிம்மதி போல). பிரபஞ்சத்துல சுமார் 68 சதவீதம் அதுதான். அந்த ரெண்டு குழுவைச் சேர்ந்த பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூணு பேருக்கும் 2011ல நோபல் கிடைச்சது.

இப்படியே போனா வெடிப்பும் இல்ல, சுருக்கமும் இல்ல, குளிர்தான். ஒரு கோடி கோடி வருஷம் வாக்குல கடைசிக் குட்டி சிவப்பு நட்சத்திரங்களும் அணைஞ்சிடும். ஆனா அரிசோனாவுல டெசின்னு ஒரு கருவி லட்சக்கணக்கான கேலக்ஸிகளை அளந்து, 2024லயும் 2025லயும் டார்க் எனர்ஜி கொஞ்சம் வலு குறையற மாதிரி இருக்குன்னு சொல்லியிருக்கு. இன்னும் உறுதியாகல, அதுனால சுருங்கற கதையை மொத்தமா மூட்டை கட்டிடாதீங்க.

கேள்வி: அதுக்கு முன்னாடியே சூரியன் அணைஞ்சிடுமே?
- வாசகர், ஈரோடு

ஆமா, 500 கோடி வருஷம். கடல் அதுக்கும் ரொம்ப முன்னாடியே வத்திடும்.

கேள்வி: இதெல்லாம் தெரிஞ்சு நமக்கு என்ன லாபம்?
- வாசகர், ஈரோடு (திரும்பவும்!)

லாபம் இல்ல சார், ஆனா நேரம் நல்லா அமைஞ்சிருக்கு. பத்தாயிரம் கோடி வருஷத்துக்கு மேல போனா தூரத்து கேலக்ஸிகள் எல்லாம் பார்வைக்கு எட்டாம போயிடும், அப்போ எங்கயாவது ஒருத்தர் டெலஸ்கோப் வச்சுப் பார்த்தா தன்னோட ஒரே கேலக்ஸியும் சுத்தி இருட்டும்தான் தெரியும். பிரபஞ்சம் விரியுதுன்னு அவருக்குச் சந்தேகம் வர்றதுக்குக்கூட வழி இருக்காது.