விடியக்காலை 4 மணிக்கு எழுப்பினால் பாடம் ஏறுமா?

கேள்வி: மகள் பிளஸ் டூ. ராத்திரி 12 வரை படிக்கிறாள். 4 மணிக்கு எழுப்பிவிடுகிறேன். புத்தகத்தின் மேலேயே தூங்கி விழுகிறாள். படித்ததெல்லாம் மறந்துபோகிறது என்கிறாள். மார்ச்சில் பொதுத்தேர்வு. என்ன செய்வது?
– ஒரு தாய், மன்னார்குடி

பதில்: முதலில் அந்த 4 மணி அலாரத்தை நிறுத்துங்கள் அம்மா. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அவளுக்குக் கிடைப்பது 4. பருவ வயதில், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகும். 4 மணி என்பது அவள் உடம்புக்கு நடுராத்திரி. சோம்பேறி என்று திட்டாதீர்கள், பாவம்.

மறதிக்கும் காரணம் இதுதான். பகலில் படித்ததை மூளை தூக்கத்தில்தான் பதியவைக்கிறது. ஆழ்ந்த தூக்கம் முன்னிரவில் அதிகம். கனவுத் தூக்கம் விடியும் நேரத்தில் அதிகம். நீங்கள் எழுப்பும்போது அந்தப் பின்பாதி முழுக்கப் போய்விடுகிறது.

இரவு 10, காலை 6 என்று வையுங்கள். எழும் நேரத்தை நாளைக்கே 6 ஆக்கிவிடலாம், ஞாயிற்றுக்கிழமையும் அதேதான். படுக்கும் நேரத்தை ஒரே நாளில் மாற்றினால் புரண்டு புரண்டு படுப்பாள். இரண்டு நாளுக்கு ஒருமுறை 20 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். 12 நாளில் 10 மணிக்கு வந்துவிடும். வெளிச்சம் வந்ததும் 20 நிமிடம் வாசலிலோ மொட்டைமாடியிலோ உட்கார்ந்து படிக்கட்டும். காலை வெளிச்சம் பட்டால்தான் இரவில் நேரத்துக்குத் தூக்கம் வரும்.

நம் பக்கத்தில் டிகாஷன் காபி இல்லாமல் படிப்பு ஏது? ஆனால் குடித்து 5 மணி நேரம் கழித்தும் காஃபினில் பாதி உடம்பில் இருக்கும். மதியம் 3 மணிக்கு மேல் வேண்டாம். பள்ளி விட்டு வந்து அசதியாக இருந்தால் 20 நிமிடம் படுக்கட்டும். அரை மணியைத் தாண்டினால் எழுந்தபின் மந்தமாகவே இருக்கும். செல்போன் 9.30க்கு உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். மாசியிலேயே புழுக்கமும் கொசுவும் தொடங்கிவிடும் என்பதால், வலையை நாலு பக்கமும் பாயின் அடியில் செருகுங்கள்.

தேர்வு 10 மணிக்குத் தொடங்கி, 10.15 முதல் 1.15 வரை எழுத வேண்டும். மூளை சுறுசுறுப்பாக இருக்க வேண்டியது அப்போதுதான். விடுமுறை நாட்களில் மாதிரி வினாத்தாளை அதே நேரத்தில் எழுதிப் பழகட்டும். முந்தின இரவு புதுப்பாடம் எதையும் தொட வேண்டாம்.

இரண்டு வாரம் 8 மணி நேரம் தூங்கியும் அசதி போகவில்லையா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தினமும் குறட்டை விட்டால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மெடிக்கலில் தூக்க மாத்திரை மட்டும் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.