கழி, உப்பங்கழி, கழிமுகம்: கேள்வி பதில்

தேவகோட்டையிலிருந்து: கழி என்றால் கம்புதானே? கடலோரத்தில் அதற்கென்ன வேலை?

எழுத்து ஒன்று, சொல் இரண்டு. கடல்நீர் நிலத்துக்குள் புகுந்து கிடக்கும் ஓடையும் கழிதான். நெய்தல் பாடல்களில் ‘இருங்கழி’ என வருவது இது. ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறினால் நிரம்பும், இறங்கினால் வடியும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம்.

காரைக்குடியிலிருந்து: உப்பங்களியா, உப்பங்கழியா?

ழகரம்தான். உப்பு + அம் + கழி. நடுவே வரும் ‘அம்’ சாரியையின் மகரம் ககரத்துக்கு முன் ஙகரமாகும். ஆகவே ‘உப்பன்கழி’யும் பிழை. நம் பக்கத்துப் பேச்சில் ழ, ளவாகிவிடும். அப்படியே எழுதினால் உளுந்தங்களிக்குத் தம்பியாகிவிடும்.

பள்ளத்தூரிலிருந்து: பர்மாவில் லேவாதேவி செய்த குடும்பத்தின் வரலாற்றைத் தமிழில் எழுதுகிறேன். ‘ஐராவதி டெல்டா’வைக் கழிமுகம் எனலாமா ஐயா?

பத்திரிகைகளில் அப்படி எழுதுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. கழிமுகம் என்றால் ஆறு கடலோடு கலக்கும் நீர்ப்பகுதி, ஓதம் ஏறி இறங்கும் இடம். டெல்டா என்பது ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் நிலம். செட்டியார்கள் கடன் கொடுத்தது நெல் வயல்களின் பேரில். ‘கழிமுகத்தில் 50 ஏக்கர் அடமானம்’ என்று எழுதினால் உப்புத் தண்ணீரை அடமானம் வாங்கியது போலாகும். ‘டெல்டா’ என்றே வைத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் புரியும். கப்பல் ஆற்றுக்குள் நுழையும் இடம் வந்தால் அங்கே ‘கழிமுகம்’ போடுங்கள். கடலோடு திறக்கும் வாயை மட்டும் சொல்ல ‘முகத்துவாரம்’.

கண்டனூரிலிருந்து: கண்மாய்க் கலுங்கும் கழியும் ஒன்றா?

இல்லை. கலுங்கு, கண்மாய் நிறைந்தபின் மிகைநீர் வழியக் கட்டியது; லகரம். கழி தானாக அமைந்தது.

புதுவயலிலிருந்து: உப்பங்கழித் தண்ணீர் எப்போதும் கடலைவிட உப்புக் குறைவு என்று பாடக்குறிப்பில் எழுதலாமா?

‘எப்போதும்’ வேண்டாம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கழிநீர் அதைவிட வெகுவாக இறங்கும். கோடையில் மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்துவிட்டால் ஓதம் உள்ளே வராது, வெயிலில் நீர் வற்றும், உப்பு தங்கும்; அப்போது கடலையும் மிஞ்சும். ‘பருவத்துக்கேற்ப மாறும்’ என்று எழுதுங்கள்.

கோட்டையூரிலிருந்து: காயல், களப்பு?

உப்பங்கழிக்கே வேறு பெயர்கள். கேரளத்திலும் நம் தென்கோடியிலும் காயல்: வேம்பநாட்டுக் காயல், பழையகாயல். ஈழத்தில் களப்பு, மட்டக்களப்பில் இருப்பது அதுவே, அங்கே ளகரம்.