அந்தமானில் ஸ்கூபா டைவிங் விடுமுறையின்போது முதுகு பிடித்துக்கொண்டால் எப்படிச் சமாளிப்பது? டைவிங்கைத் தொடரலாமா?

ஹேவ்லாக் தீவில் காலை டைவ் முடிந்து, அடுத்த டைவுக்காகப் படகில், நீருக்கடியில் மூச்சுவிடக் காற்று அடைத்த சிலிண்டரைத் தூக்கும்போது இடுப்புக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டதாகவும், மீதி நாட்களுக்கும் பணம் கட்டியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2018-இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட அதே தீவில், ஏறக்குறைய அதே நிலையில் எனக்கும் முதுகு பிடித்துக்கொண்டது. நான் மருத்துவர் அல்ல. பட்டு அறிந்ததையும், பின்னர் மருத்துவரிடமும் டைவிங் பயிற்றுநர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

வீட்டில் இருக்கும்போது முதுகு பிடித்தால் தைலம் தேய்த்துப் படுத்துவிடலாம். டைவிங் செய்துகொண்டிருக்கும் இடத்தில் அப்படி விட்டுவிடக் கூடாது. வலி எந்த நொடியில் தொடங்கியது, அதற்கு முன் கடைசியாக எப்போது நீருக்கடியில் இருந்தீர்கள் என்ற இரண்டையும் முதலில் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆழத்தில் இருக்கும்போது அழுத்தத்தினால் உடல் திசுக்களில் கரையும் நைட்ரஜன், மேலே வரும்போது குமிழிகளாக மாறி அழுத்தக்குறைவு நோயை உண்டாக்கக்கூடும். அது தண்டுவடத்தைத் தாக்கினால் சில வேளைகளில் முதுகுவலியாகவோ வயிற்றைச் சுற்றிய வலியாகவோ தொடங்கி, பிறகு கால் மரத்துப்போதல், நடை தளர்தல், சிறுநீர் கழிக்க முடியாமை என்று வளரும். பெரும்பாலும் மேலே வந்த சில மணி நேரத்திற்குள், அநேகமாக 24 மணி நேரத்திற்குள், அறிகுறிகள் தெரிந்துவிடும். ஆகவே சிலிண்டரைத் தூக்கிய அதே கணத்தில் பிடித்து, குனியும்போதும் திரும்பும்போதும் கூடுகின்ற வலி தசைப்பிடிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றாலும், காலையில் நீங்கள் டைவ் செய்திருப்பதால் அதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளாமல், உடனே டைவ் மையத்தாரிடம் சொல்லிவிடுங்கள்.

எனக்கு அப்படித் தண்டுவடம் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று படகிலேயே சோதித்தவர், அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) பிறந்து வளர்ந்த ஒரு தமிழ் இளைஞர். "அண்ணா, கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நான் எந்தக் காலைத் தொடுகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கூறி, இரண்டு பாதங்களையும் விரல் நுனியால் மாறி மாறித் தொட்டார். பிறகு தம் உள்ளங்கைகளை என் பாதங்களில் வைத்து, முழு பலத்தோடு அழுத்தச் சொன்னார்; இரண்டு காலிலும் ஒரே பலம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. கரைக்கு வந்ததும் சிறுநீர் சரியாகப் போகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் என்னை விட்டார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அதே சோதனையைச் செய்தார். அவருக்கு நான் இன்றும் நன்றியுடையவன். இதில் ஏதேனும் ஒன்று மாறுபட்டிருந்தால் படகில் உள்ள ஆக்சிஜனை உடனே கொடுத்து, மல்லாந்து படுக்க வைத்து, மறுஅழுத்த அறை (உடலை மீண்டும் உயர் அழுத்தத்தில் வைத்துக் குமிழிகளைக் கரைக்கும் சிகிச்சை அறை) இருக்கும் போர்ட் பிளேருக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். "மறுபடி நீருக்குள் இறங்கினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

டைவிங்குடன் தொடர்பே இல்லாத முதுகுவலியிலும் சில அறிகுறிகள் வந்தால் காத்திருக்கக் கூடாது: தொடைகளின் உட்புறமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போதல், சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமை, இரண்டு கால்களும் பலமிழத்தல், காய்ச்சலோடு வரும் முதுகுவலி. இவற்றில் எது வந்தாலும் தீவின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட்டு, அடுத்த கப்பலிலேயே போர்ட் பிளேர் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டைவிங்கைத் தொடரலாமா என்பதற்கு என் பதில்: இந்தப் பயணத்தில் வேண்டாம். காற்று நிரம்பிய அலுமினிய சிலிண்டர் மட்டுமே ஏறத்தாழ 16 கிலோ. உடலை மூழ்க வைக்கும் ஈயக் கட்டிகள், காற்றை நிரப்பி மிதக்க உதவும் மிதவைச் சட்டை, சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்தால் 25 கிலோவை நெருங்கும். இந்தச் சுமையோடு, அலையில் ஆடும் படகின் ஏணியில் ஏறும் வேலையைப் பிடித்துக்கொண்ட முதுகு தாங்காது. மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமே என்று தோன்றும். வலி மாத்திரை அழுத்தக்குறைவு நோயின் ஆரம்ப வலியையும் மறைத்துவிடக்கூடும். அதோடு சேர்த்துக் கொடுக்கப்படும் தசை தளர்த்தும் மாத்திரைகள் பல தூக்கத்தை வரவழைக்கும். நீருக்கடியில் உங்களோடு ஜோடியாக டைவ் செய்பவருக்கு ஓர் ஆபத்து என்றால் அவரை இழுத்துக்கொண்டு மேலே வரும் நிலையில் நீங்கள் இருக்க வேண்டும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். எனக்கு இதுவே போதுமான காரணமாக இருந்தது.

முழு நாளும் படுக்கையில் கிடக்காதீர்கள். முதுகுப்பிடிப்புக்கு நீண்ட ஓய்வைவிட அளவான நடமாட்டமே நல்லது என்பதில் மருத்துவர்கள் இன்று ஒத்துப்போகிறார்கள். படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். எழும்போது நேராக எழாமல், முதலில் ஒருக்களித்து, இரண்டு கால்களையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி உடலைத் தூக்குங்கள். எனக்கு அதிகாலையில் பொறுக்க முடியாமல் இருந்த வலி இந்த ஒரு முறையால் பாதியாகக் குறைந்தது. வெந்நீர்ப் பை இதமாக இருக்கும். ஓய்வு விடுதிகளில் மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் தொங்கு ஊஞ்சலையும், "சுளுக்கு எடுத்துவிடுகிறேன்" என்று முதுகை முறிப்பவர்களையும் தவிர்த்துவிடுங்கள்.

நடப்பதற்கு இந்தத் தீவின் ராதாநகர் கடற்கரையில் நீர் வடிந்த நேரத்தின் இறுகிய, சமமான மணல் ஏற்றது. அலை குறைவாக, உயிர்க்காவலர் இருக்கும் பகுதியில் மார்பளவு நீரில் நிற்பதும் மெல்ல நடப்பதும் முதுகுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் கால் வைக்காதீர்கள். வாடகை ஸ்கூட்டரும் வேண்டாம், எலிஃபண்ட் பீச்சுக்குப் போகும் வேகப் படகும் வேண்டாம். அலைமேல் படகு அடித்து விழும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சி நேரே முதுகெலும்பில் இறங்கும். போர்ட் பிளேருக்குத் திரும்பும் கப்பலிலும் முன்பகுதியைத் தவிர்த்து, பின்பக்கமாக நடுவில் இருக்கை கேளுங்கள். பெட்டியைத் தூக்கக் கூலி கொடுப்பதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கட்டிய பணத்தைப் பற்றி டைவ் மையத்தாரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். மீதி டைவ்களை வேறு தேதிக்கு மாற்றித் தரும் மையங்கள் உண்டு. காப்பீடு இருந்தால் சுகாதார நிலையத்தின் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். விமானத்தைப் பொறுத்தவரை, பல டைவ்கள் செய்திருந்தால் கடைசி டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே ஏற வேண்டும் என்பது பொது வழிகாட்டுதல். முதுகுவலிக்காகச் சென்னைக்குச் சீக்கிரம் திரும்ப நினைத்தாலும் இந்த இடைவெளியைக் குறைக்கக் கூடாது.

அடுத்த முறை டைவிங் போகும்போது நிரப்பித் தரும் மருத்துவப் படிவத்தில், கடந்த ஆறு மாதங்களில் அன்றாட வேலையைப் பாதிக்கும் அளவுக்கு முதுகுத் தொல்லை திரும்பத் திரும்ப வந்ததா என்ற கேள்வி இருக்கும். அப்படி வந்திருந்தால் மறைக்காமல் எழுதி, மருத்துவரின் ஒப்புதலோடு போங்கள். படகில் சிலிண்டரை மாட்டிக்கொள்ள வேண்டாம், நீரில் இறங்கிய பிறகு மாட்டிக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டைவ் முடிந்ததும் மிதவைச் சட்டையில் காற்றை நிரப்பி, ஈயக் கட்டிகளை முதலில் கழற்றிப் படகில் இருப்பவரிடம் நீட்டுங்கள். பிறகு நீரிலேயே சட்டையைக் கழற்றிச் சிலிண்டரோடு கொடுத்துவிட்டு, சுமை எதுவும் இல்லாமல் ஏணியில் ஏறுங்கள். நான் இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன். எந்தப் படகிலும் யாரும் மறுத்ததில்லை.