குறைமாதக் குழந்தைக்குத் தொண்டையில் குழாய் போடாமல் பபிள் சி-பாப் (மூக்கு வழியே தொடர்ந்து காற்றழுத்தம் தரும் கருவி) மட்டும் வைத்தால் போதுமா?

தானாக மூச்சு விடும் குழந்தை என்றால் பெரும்பாலும் போதும். முதலில் அதைத்தான் முயல வேண்டும். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் குறைமாதத்தில் போதுமான அளவு சுரந்திருக்காது. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் மூடிப்போன அறைகளைத் திறக்கக் குழந்தை போராடுகிறது. சி-பாப் செய்வது ஒன்றுதான்: மூச்சை வெளியே விடும்போதும் அறைகள் மூடாதபடி அழுத்தத்தை நிறுத்தி வைக்கிறது. வென்டிலேட்டர் மாதிரி மூச்சுக்கு மூச்சு காற்றைத் தள்ளி நுரையீரலைப் புண்ணாக்குவதில்லை.

கருவி எளிமையானது. சூடும் ஈரமும் ஏற்றிய காற்று-ஆக்சிஜன் கலவை மூக்குக் குழல் வழியே போகிறது. வெளிவரும் குழாயின் நுனி தண்ணீருக்குள் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் அழுத்தமும் ஏறக்குறைய 5 செ.மீ. நீர். வழக்கமாக 5–6-இல் தொடங்கி, தேவைப்பட்டால் 8 வரை போவார்கள்.

இதில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது செவிலியரின் கைதான் என்பேன். தண்ணீரில் வரும் குமிழி நின்றால் எங்கோ கசிவு: குழல் தளர்ந்திருக்கும், அல்லது வாய் திறந்திருக்கும். குமிழி வந்துகொண்டிருந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. மூக்கு சளியால் அடைத்திருந்தால் தண்ணீரில் குமிழி வரும், அழுத்தம் நுரையீரலுக்குப் போகாது. வெளிவரும் குழாயில் நீர் தேங்கினால் அழுத்தம் தேவைக்கு மேல் ஏறும், அதை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். மூக்குக் குழல் துவாரத்தை நிறைக்கும் அளவில் இருக்க வேண்டும், ஆனால் இரு துவாரங்களுக்கும் நடுவிலுள்ள தண்டை அழுத்தவே கூடாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்காவிட்டால், சிவந்த தோல் புண்ணாகி, தண்டே அரித்துப்போகலாம். வயிற்றில் சேரும் காற்று வெளியேற வாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றும் போட்டிருப்பார்கள்.

மிகக் குறைமாதக் குழந்தை இடையிடையே மூச்சு விட மறந்துவிடும். அதற்கு கேஃபீன் சிட்ரேட் மருந்து: முதலில் கிலோவுக்கு 20 மி.கி., பிறகு தினமும் கிலோவுக்கு 5–10 மி.கி. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 90–95 சதவீதத்துக்குள் வைப்பார்கள், கூடிப்போனால் விழித்திரைக்கு ஆபத்து.

6 செ.மீ. அழுத்தத்திலும், கொடுக்கும் காற்றுக் கலவையில் 30 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் தேவைப்பட்டால் சர்ஃபாக்டன்ட் தேவைப்படலாம். சி-பாப்பைக் கழற்றாமலே, மெல்லிய குழாயால் மூச்சுக்குழலுக்குள் அதைச் செலுத்தும் முறை இப்போது பல இடங்களில் உண்டு. மூச்சு திரும்பத் திரும்ப நின்றாலோ, கரியமில வாயு ஏறிக்கொண்டே போனாலோ வென்டிலேட்டரைத் தள்ளிப்போடக் கூடாது. திடீரென ஆக்சிஜன் இறங்கினால் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கிறதா என்றும் உடனே பார்க்க வேண்டும்.

நிலை சீராக இருந்தால் சி-பாப்போடே தாயின் மார்பில் கங்காரு முறையில் அணைத்து வைக்கலாம். கழுத்து மடங்காமல் முகம் ஒருபக்கம் திரும்பியிருக்கட்டும். குழாய்களின் கனம் மூக்கில் இறங்காதபடி, அவற்றைத் தாயின் உடையில் பொருத்திவிடச் சொல்லுங்கள்.